இலவச வக்கீல் கேட்பது எப்படி: திருமங்கலத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருமங்கலம் வட்டாரத்தில் ஒரு குடும்பத்துக்கு வழக்கு என்று ஒன்று வந்துவிட்டால், அவர்கள் முதலில் போகிற இடங்கள் பெரும்பாலும் மூன்று. போலீஸ் ஸ்டேஷன், ஊரில் நாலு பேரைத் தெரிந்தவர் வீடு, திங்கட்கிழமை என்றால் மதுரை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டம். மூன்றிலும் அலைந்து, காதில் கிடந்த தோடும் அடகுக்குப் போன பிறகுதான், "கோர்ட்டுலயே இலவசமா வக்கீல் வச்சுத் தர்றாங்களாமே" என்று யாரோ சொல்லக் கேட்டு அங்கே வருகிறார்கள். அதற்குள் மாதங்கள் ஓடியிருக்கும். சில வழக்குகளில் கெடுவே முடிந்திருக்கும். கடைசியாகத் தட்டுகிற அந்தக் கதவை முதலில் தட்ட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அந்தக் கதவின் பெயர் வட்ட சட்டப் பணிகள் குழு. நீதிமன்ற வளாகத்திலேயே இயங்குவது. அந்த வட்டத்தின் எல்லைக்குள் பணியாற்றும் நீதிபதிகளில் மூத்தவர் அதன் தலைவர். அதற்கு மேலே மதுரையில் மாவட்ட நீதிபதி தலைமையில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, அதற்கும் மேலே மாநில, தேசிய ஆணைக்குழுக்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு நடத்த வேண்டியவர்களுக்கு அங்கேயே தனிக் குழு இருக்கிறது. எல்லாம் 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் கீழ் அமைந்தவை. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1995 நவம்பர் 9. அதற்கு முன்பே, 1976-இல், பணமில்லை என்பதற்காக யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்ற 39ஏ பிரிவு அரசியலமைப்பில் சேர்ந்துவிட்டது.

இதைத் தருமம் என்று எண்ணிக் கூச்சப்படுகிறவர்கள் இந்தப் பகுதியில் நிறையப் பேர். அவர்களுக்கு ஒரு பழைய செய்தியை நினைவூட்ட வேண்டும். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் உள்ளிட்ட 16 பேர் செத்தார்கள். அந்த மக்களுக்காகக் குரல் கொடுத்தவர், செங்கன்னூரில் பிறந்து மதுரையில் தொழில் செய்த பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். 'ரோசாப்பூ துரை' என்று அவரை இன்றும் சொல்கிறார்கள். அன்று ஒரு நல்ல வக்கீலின் மனசாட்சியை நம்பியிருந்தது இன்று நம் கையில் உரிமையாக இருக்கிறது. உரிமையைக் கேட்க எதற்குக் கூச்சம்?

யாருக்குக் கிடைக்கும் என்பதைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், காவலிலோ சிறையிலோ இருப்பவர்கள், ஆள் கடத்தலுக்கும் கொத்தடிமைக்கும் ஆளானவர்கள், வெள்ளம், வறட்சி, சாதி வன்கொடுமை போன்றவற்றில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாரும் இதில் வருவார்கள். இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. இந்தப் பட்டியலில் வராத ஆண்களுக்குத்தான் வருமானம் பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கப்பலூர் தொழிற்பேட்டையில் வேலை செய்கிற தொழிலாளிக்குத் தன் வேலை தொடர்பான வழக்கில் உதவி உண்டு. சொந்த வீடு இருக்கிற பெண்ணுக்கும் உண்டு, அரசு வேலை பார்க்கிற பெண்ணுக்கும் உண்டு. "நீங்க வசதியாத்தானே இருக்கீங்க" என்று யாராவது திருப்பி அனுப்பினால் 12-ஆம் பிரிவை எடுத்துச் சொல்லுங்கள்.

போவதற்கு முந்தைய நாள் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. அதை ஒழுங்காகச் செய்தால் பாதி அலைச்சல் மிச்சம். ஒரு வெள்ளைத் தாளில் நடந்ததைத் தேதிவாரியாக எழுதுங்கள். கல்யாணம் நடந்த தேதி, கணவர் வீட்டை விட்டுப் போன தேதி, கடைசியாகப் பணம் கொடுத்த மாதம், ஸ்டேஷனில் மனுக் கொடுத்த நாள், இப்படி. சரியான தேதி நினைவில்லை என்றால் மாதத்தையாவது எழுதுங்கள். பங்குனிப் பொங்கலுக்கு முந்தின வாரம் என்று எழுதினாலும் போதும், வக்கீல் அதை வைத்துக் கணக்கிட்டுக்கொள்வார். கோபம், சாபம், அவர்கள் வீட்டுப் பழைய கதை எதுவும் அந்தத் தாளில் வேண்டாம். பிறகு கையில் உள்ள காகிதங்களை எடுங்கள்: ஆதார், குடும்ப அட்டை, கல்யாணப் பத்திரிகை, பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, கோர்ட் சம்மன், வக்கீல் நோட்டீஸ், எது இருக்கிறதோ அது. எல்லாவற்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ் போடுங்கள். அசல் உங்கள் பையிலேயே இருக்கட்டும். அசல் பத்திரத்தைக் கொடுத்தே ஆக வேண்டிய கட்டம் வந்தால் எழுத்தில் ஒப்புகை வாங்காமல் கொடுக்காதீர்கள்.

மறுநாள் நீதிமன்றத்துக்குப் போங்கள். காலை பத்தரைக்குக் கோர்ட் உட்கார்ந்துவிடும். அதற்கு முன்பே போனால் அலுவலரிடம் நின்று பேச முடியும். வாசலில் டைப் அடிக்கிறவர்களும் மனு எழுதுகிறவர்களும் இருப்பார்கள். சட்ட உதவி மனுவுக்கு அவர்களிடம் காசு கொடுக்கத் தேவையில்லை. குழு அலுவலகத்தில் படிவம் இலவசம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் போதும். அங்கிருக்கும் அலுவலரோ சட்டத் தன்னார்வலரோ எழுதிக்கொள்ள வேண்டும் என்று தேசிய ஆணைக்குழுவின் 2010-ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. தமிழில் எழுதலாம். வருமானத்துக்குத் தாசில்தார் சான்று கொண்டுவாருங்கள் என்று அலைக்கழித்தால், சட்டத்தின் 13-ஆம் பிரிவைக் காட்டுங்கள். வருமானம் இவ்வளவு என்று நீங்கள் தரும் உறுதிமொழிப் பத்திரத்தையே போதுமானதாக எடுத்துக்கொள்ளலாம், அதை நம்பாமல் இருக்கக் காரணம் இருந்தால் ஒழிய.

படிவத்தில் பெயர், முகவரி, எதிராளி யார், என்ன பிரச்சினை, என்ன வேண்டும் என்பவை இருக்கும். கடைசிக் கட்டம் முக்கியம். "நியாயம் வேண்டும்" என்று எழுதினால் எதுவும் புரியாது. "எனக்கும் என் இரண்டு பிள்ளைகளுக்கும் ஜீவனாம்சம் கேட்டு மனுப் போட வக்கீல் வேண்டும்" என்று எழுதுங்கள். "என் மேல் போட்டிருக்கும் நில வழக்கில் எனக்காக ஆஜராக வக்கீல் வேண்டும்" என்று எழுதுங்கள். கொடுத்த மனுவின் நகலில் தேதியும் முத்திரையும் வைத்து வாங்குங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் அது இதுவாக இருக்கட்டும்: தேதி போட்ட ஒப்புகை இல்லாமல் எந்த அலுவலகத்திலும் எந்தக் காகிதத்தையும் கொடுத்துவிட்டு வராதீர்கள். முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனு.

மனு மீது 7 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது விதி. மறுத்தால் காரணம் கேளுங்கள்; மேல்முறையீடு செய்யலாம். ஏற்றுக்கொண்டால் அவர்கள் வைத்திருக்கும் பட்டியலிலிருந்து ஒரு வக்கீலை நியமிப்பார்கள். அவருக்குக் கட்டணத்தைக் குழுவே கொடுக்கும். கோர்ட் கட்டணம், சம்மன் கட்டணம், தட்டச்சு, நகல், மொழிபெயர்ப்புச் செலவுகளும் குழுவைச் சேர்ந்தவை. அந்த வக்கீலோ அவர் குமாஸ்தாவோ உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் குழுத் தலைவரான நீதிபதிக்கு எழுத்தில் மனுக் கொடுங்கள்.

இலவச வக்கீல் சரியாக வாதாட மாட்டார் என்ற பேச்சு ஊரில் இருக்கிறது. அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. குழு கொடுக்கிற கட்டணம் குறைவு. அதனால் கட்டைப் புரட்டாமலே வாய்தா வாங்குகிறவர்களும் உண்டு. ஆனால் காசு கொடுத்து வைத்த வக்கீலிடமும் அதே கதை நடக்கிறது. வேறுபாடு என்னவென்றால், இலவச வக்கீலுக்கு மேலே ஒரு நீதிபதியின் கண்காணிப்பு இருக்கிறது. வக்கீல் வரவில்லை, வழக்கு நிலவரம் சொல்லவில்லை என்றால் ஆளை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். கேட்கிறவர்கள் குறைவாக இருப்பதால்தான் அந்த ஏற்பாடு பலவீனமாக இருக்கிறது என்பது என் எண்ணம்.

வக்கீலைப் பார்த்த முதல் நாளில் வக்காலத்தில் கையெழுத்துப் போடுவீர்கள். எழுதாத வெற்றுத் தாளில் மட்டும் யார் சொன்னாலும் கையெழுத்து வேண்டாம். வழக்கு நம்பர் ஆனதும் அந்த எண்ணையும், சி.என்.ஆர். எனப்படும் 16 இலக்க எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா என்றைக்கு, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் இரண்டு நிமிட வேலை.

தாமதம் எப்படிப் பணத்தைத் தின்கிறது என்பதற்கு ஜீவனாம்ச வழக்கையே பார்ப்போம். செக்கானூரணிப் பக்கம் ஒரு பெண். கணவர் இரண்டு பிள்ளைகளோடு விட்டுப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாகிவிட்டது. தான் குடியிருக்கிற ஊருக்குரிய நீதிமன்றத்திலேயே அவர் மனுப் போடலாம், கணவர் திருப்பூரில் இருந்தாலும் சரி. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கியது. கணவன், மனைவி இருவரும் தங்கள் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்காக வேண்டும். வழக்கு இரண்டு வருடம் இழுத்தாலும் அந்த இரண்டு வருடத்துக்கும் பாக்கி சேர்ந்து வரும். ஆனால் மனுப் போடாமல் பஞ்சாயத்துப் பேசிக்கொண்டிருந்த ஆறு மாதத்துக்கு ஒரு ரூபாயும் வராது. பேசக் கூடாது என்று சொல்லவில்லை. மனுவைப் போட்டுவிட்டுப் பேசுங்கள்.

அடி உதை இருந்தால் பாதை வேறு. குடும்ப வன்முறைச் சட்டம் 2005-இன்படி மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 181 என்ற எண்ணுக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். வீட்டை விட்டு விரட்டாமல் இருக்கத் தடை உத்தரவும் அந்தச் சட்டத்தில் கிடைக்கும்.

நில வழக்குகளில் நான் அதிகம் பார்க்கிற சேதம் கலெக்டர் ஆபீஸ் மனுக்களால் வருவது. வரப்பை நகர்த்திவிட்டான் என்று ஒரு மனு, அது தாசில்தாருக்கு, அங்கிருந்து வி.ஏ.ஓ.வுக்கு, பிறகு "சிவில் கோர்ட்டில் பரிகாரம் தேடவும்" என்று ஒரு வரிப் பதில். கலெக்டருக்கு மனுக் கொடுத்ததால் சிவில் வழக்குக்கான கெடு நின்றுபோவதில்லை. அது பாட்டுக்கு ஓடும். புரோநோட்டுக் கடனுக்கு 3 வருடம், உரிமையை வைத்து நிலத்தை மீட்பதற்கு 12 வருடம். பட்டா மாறுதல், அளவீடு, புலப்பட நகல் இவை வருவாய்த் துறை வேலை, இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். நிலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி சிவில் கோர்ட்டுக்கு. பட்டா தன் பெயரில் இருக்கிறது என்ற தைரியத்தில் சம்மனை வாங்கி அலமாரியில் வைத்தவர்கள் பலர். சம்மன் வந்த 30 நாளுக்குள் எதிருரை போட வேண்டும். கோர்ட் அனுமதித்தால் 90 நாள் வரை. போகாமல் இருந்தால் எக்ஸ்பார்ட்டி, அதாவது உங்கள் தரப்பைக் கேட்காமலே டிக்ரி ஆகிவிடும். அந்த டிக்ரியை நீக்கக் கேட்கவும் 30 நாள்தான். சம்மன் வந்த அன்றே சட்ட உதவி அலுவலகத்துக்குப் போங்கள்.

போலீஸ் விஷயத்தில் காகிதம் இன்னும் முக்கியம். புகார் கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். எண், தேதி, அதிகாரி கையெழுத்து மூன்றும் இருக்க வேண்டும். சி.எஸ்.ஆர். என்பது முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) ஆகாது. கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம். போட மறுத்தால் அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் பலன் இல்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் மனு. இந்தக் கட்டத்திலும் இலவச வக்கீல் உண்டு. வீட்டு ஆளை போலீஸ் பிடித்துப் போய்விட்டால், 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். அப்போது வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டால் இலவச வக்கீல் பெற உரிமை உண்டு என்று நடுவரே எடுத்துச் சொல்ல வேண்டும் என்று 1980-லேயே காத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மதுரை மத்திய சிறையில் இருப்பவர் சிறைக்குள்ளிருந்தே வக்கீல் கேட்டு மனு எழுதலாம். அமெரிக்காவில் கிடியன் என்ற ஏழைக் கைதி சிறையிலிருந்து பென்சிலால் எழுதிய மனுவால்தான் 1963-இல் அங்கே குற்ற வழக்குகளில் இலவச வக்கீல் உரிமையானது. அந்தத் தீர்ப்பு குற்ற வழக்குகளோடு நின்றது. நம் சட்டம் வரப்புத் தகராறுக்கும் ஜீவனாம்சத்துக்கும் கூட வக்கீல் தருகிறது.

பெற்ற பிள்ளைகள் கைவிட்ட முதியவர்களுக்குக் கோர்ட் படி ஏறவே தேவையில்லை. 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியர்தான் தீர்ப்பாயம், திருமங்கலத்திலேயே ஆர்.டி.ஓ. அலுவலகம் இருக்கிறது. வெள்ளைத் தாளில் மனு எழுதிக் கொடுத்தால் போதும். கடைசி வரை பார்த்துக்கொள்வான் என்று நம்பி மகனுக்கு தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தவர், அந்தக் கடமையை மகன் செய்யாதபோது பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கவும் 23-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. பத்திரத்திலேயே பராமரிப்பு நிபந்தனையை எழுதி வைத்திருந்தால் மனு வலுவாக நிற்கும். எழுதிக் கொடுக்கப் போகிறவர்கள் இந்த ஒரு வரியைச் சேர்க்காமல் கைநாட்டு வைக்காதீர்கள்.

வழக்கு சமரசமாகக் கூடியது என்றால் மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்புவார்கள். நான்குவழிச் சாலை ஓரத்து ஊர்களில் விபத்து இழப்பீட்டு வழக்குகள் அதிகம். அவை அங்கே விரைவில் முடிகின்றன. (இழப்பீடு கேட்டு மனுப் போட விபத்து நடந்ததிலிருந்து 6 மாதம் என்று 2022 ஏப்ரல் முதல் கெடு வந்திருக்கிறது. உயிர் போயிருந்தால், ஈமக்கிரியைகள் முடிந்த கையோடு மனு வேலையைத் தொடங்குவது நல்லது.) வழக்கு மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் அங்கே தருகிற தீர்வுக்கு மேல்முறையீடு இல்லை. ஆகையால் கையெழுத்துப் போடும் முன் தொகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள், யார் கணக்கில், தராவிட்டால் வட்டி என்ன என்ற நான்கையும் உங்களுக்குத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நீதிபதி முன்னாலேயே, "எனக்குச் சம்மதமில்லை, கோர்ட்டிலேயே பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லலாம். யாரும் வற்புறுத்த முடியாது. வழக்கு பழைய கோர்ட்டுக்கே திரும்பும்.

கொடுத்த மனு எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் தாலுகா ஆபீஸுக்கு நடந்து தேய்கிறவர்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. நாட்டில் இப்படி ஒரு சட்டத்தை முதலில் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு, 1997-இல். இப்போது இருப்பது 2005-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, "இன்ன தேதியில் நான் கொடுத்த மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன, எந்த அலுவலரிடம் எத்தனை நாள் இருந்தது" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு அந்த 10 ரூபாயும் வேண்டாம். பல நேரம் பதில் வருவதற்கு முன்பே மனு நகர ஆரம்பித்துவிடும்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுக் கீழமை நீதிமன்றங்களில் தமிழில் வழக்கு நடத்தவும் தீர்ப்பு எழுதவும் 1976-இலேயே ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தி வழி செய்தாகிவிட்டது. உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2010-இல் மதுரையில் வழக்கறிஞர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்தக் கோரிக்கை இன்னும் நிறைவேறவில்லை. தன் நிலத்தைப் பற்றிய தீர்ப்பை இன்னொருவரிடம் கொடுத்து அர்த்தம் கேட்கிற நிலை ஒரு குடிமகனுக்கு அவமானம். கீழ்க் கோர்ட்டிலாவது உங்கள் மனுவும் சாட்சியமும் தமிழில் இருக்க வேண்டும் என்று வக்கீலிடம் கேளுங்கள். அதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இதை வாசிக்கிற ஊராட்சித் தலைவர்கள், ஆசிரியர்கள், மகளிர் குழுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. நவம்பர் 1 கூட்டத்தில், தேசிய சட்டப் பணிகள் தினமான நவம்பர் 9-ஐ ஒட்டி எங்கள் ஊரில் சட்ட விழிப்புணர்வு முகாம் நடத்த வேண்டும் என்று தீர்மானம் போட்டு, திருமங்கலம் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு அனுப்புங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள். ரேஷன் கடைச் சுவரிலும் பால் சொசைட்டிச் சுவரிலும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்: இலவச சட்ட உதவிக்கு 15100.